சே போட்ட கையெழுத்தும் கரும்புச் சக்கைத் தாளும்: பழைய காகிதங்களில் கியூபாவின் வரலாற்றைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன்பு ஒரு கியூபா நோட்டு என் கைக்கு வந்தது. ஒரு பெசோ நோட்டு, 1961 என்று போட்டிருந்தது. முன்பக்கம் 19-ஆம் நூற்றாண்டு விடுதலைப் போராளியும் கவிஞருமான ஹோசே மார்த்தி. பின்பக்கம் 1959 ஜனவரியில் தலைநகர் ஹவானாவுக்குள் நுழையும் ஃபிடல் காஸ்ட்ரோவும் அவருடைய போராளிகளும். கீழே இரண்டு கையெழுத்துகள். ஒன்று வழக்கமான அதிகாரிக் கையெழுத்து. இன்னொன்றில் முழுப்பெயர் கிடையாது, வெறும் ‘சே’ மட்டும். “சே குவேராவே பேனாவால் போட்டது” என்று விற்றவர் அடித்துச் சொன்னார். நானும் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்துப் பார்த்தால், கையெழுத்தும் நோட்டோடு சேர்ந்து அச்சானதுதான். இப்படி லட்சக்கணக்கில் இருக்கின்றன.

ஏமாந்த கோபம் தணிந்த பிறகு அந்த நோட்டை ஒழுங்காகப் பார்க்க ஆரம்பித்தேன். சே கியூபா தேசிய வங்கியின் தலைவராக இருந்தது 1959 நவம்பர் முதல் 1961 பிப்ரவரி வரை. இந்த நோட்டு புழக்கத்துக்கு வந்ததோ 1961 ஆகஸ்டில். அப்போது அவர் தொழில்துறை அமைச்சர். பதவியில் இல்லாத ஒருவரின் கையெழுத்து ஏன் புது நோட்டில்? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு நாட்டின் அரசியலே அவிழ்கிறது. அது எப்படி என்று இரண்டாம் படியில் சொல்கிறேன்.

நோட்டு, சிகரெட் உறை, ரேஷன் புத்தகம், தபால்தலை, ஒப்பந்தப் படிவம், சுவரொட்டி என்று பயன்படுத்திவிட்டுத் தூக்கிப்போடும் தாள்களை நான் சில்லறைத் தாள்கள் என்பேன். தலைவர்களின் உரைகள் நாளைய வாசகனை மனதில் வைத்து எழுதப்பட்டவை. சில்லறைத் தாளுக்கு அந்தக் கவலை இல்லாததால் அது அசந்து மறந்து உண்மையைச் சொல்லிவிடும். எனக்குப் படம் இரண்டாம் பட்சம். யார் அச்சிட்டார்கள், யார் நிரப்பினார்கள், யார் சட்டைப்பையில் வைத்துச் சுமந்தார்கள் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

தொடங்கும் முன் சில வருடங்கள் மனதில் இருக்கட்டும். 1886-இல் அடிமைமுறை சட்டப்படி முடிந்தது. 1898-இல் ஸ்பெயின் தோற்றது, 1899 முதல் அமெரிக்க ராணுவ ஆட்சி. 1902 மே 20-இல் குடியரசு. 1959 ஜனவரி 1-இல் சர்வாதிகாரி பாத்திஸ்தா ஓட்டம், புரட்சி வென்றது. 1991-இல் சோவியத் ஒன்றியம் சரிந்தது. இந்த ஐந்து முளைகளில் எதற்கும் எதற்கும் நடுவே உங்கள் தாள் விழுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை.

படி 1: தேதியைப் பிடியுங்கள்

புரட்சிக்குப் பிந்தைய கியூபா நமக்கு ஒரு வசதி செய்து வைத்திருக்கிறது. நம் பிரபவ, விபவ போல, அங்கே அரசு ஒவ்வொரு ஆண்டுக்கும் ஒரு பெயர் வைத்தது. அரசுக் கடிதங்களிலும் சுற்றறிக்கைகளிலும் தேதிக்குக் கீழே அந்தப் பெயர் வரும். தேதி கிழிந்துபோயிருந்தாலும் பெயர் மிஞ்சியிருந்தால் போதும். 1959 விடுதலை ஆண்டு, 1960 நிலச் சீர்திருத்த ஆண்டு, 1961 கல்வி ஆண்டு, 1962 திட்டமிடல் ஆண்டு, 1963 அமைப்பாக்க ஆண்டு, 1964 பொருளாதார ஆண்டு, 1965 வேளாண்மை ஆண்டு, 1966 தோழமை ஆண்டு, 1967 வீர வியட்நாம் ஆண்டு, 1968 வீர கெரில்லா ஆண்டு (சே கொல்லப்பட்டதற்கு அடுத்த ஆண்டு), 1969 தீர்மானகரமான முயற்சி ஆண்டு.

1970-இன் பெயர் ‘ஒரு கோடி ஆண்டு’. அந்த ஆண்டு ஒரு கோடி டன் சர்க்கரை எடுத்தே தீருவோம் என்று மொத்த நாட்டையும் கரும்பு வெட்ட இறக்கினார்கள். கிடைத்தது சுமார் 85 லட்சம் டன். கியூபா அதுவரை கண்டிராத அறுவடைதான், ஆனால் பெயரில் இருக்கும் எண் அதைத் தோல்வியாக்கிவிட்டது. ஜூலை 26 உரையில் ஃபிடலே தோல்வியை ஒப்புக்கொண்டார். இலக்கு கைநழுவிய பிறகும் ஆண்டின் பெயர் அதேதான். 1970-இன் பிற்பகுதித் தாள் ஒன்று கிடைத்தால், அந்தத் தலைப்பையும் கீழே இருக்கும் தேதியையும் சேர்த்துப் படியுங்கள்.

பிற்காலத்தில் ‘புரட்சியின் 55-ஆம் ஆண்டு’ என்ற மாதிரி எண் போட ஆரம்பித்தார்கள். அந்த எண்ணோடு 1958-ஐக் கூட்டினால் நம் வருடம் வந்துவிடும். 55 என்றால் 2013.

சுருட்டுப் பெட்டி என்றால் தலைகீழாகத் திருப்புங்கள். (சுருட்டு என்ற நம் சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய் ‘செரூட்’ ஆனது.) அடிப்பலகையில் சூட்டு முத்திரை இருக்கும். ‘மேட் இன்’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் பெரும்பாலும் புரட்சிக்கு முந்தையது. 1961-இலிருந்து ஸ்பானிய மொழியில் ‘எச்சோ என் கூபா’ என்று மாறியது. ‘முழுக்கக் கையால்’ என்ற வரி 1989-இல்தான் சேர்ந்தது. ஆக, 1970-ஆம் வருடத்துப் பெட்டி என்று ஒருவர் விற்க வந்து, அடியில் அந்த வரி இருந்தால், புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

சே படத்துக்கும் இதே கணக்கு. தொப்பியும் நட்சத்திரமுமாக எங்கோ வெறிக்கும் அந்தப் படத்தைப் புகைப்படக்காரர் கோர்தா எடுத்தது 1960 மார்ச் 5-இல். முந்தைய நாள் ஹவானா துறைமுகத்தில் வெடித்த லா கூப்ரே கப்பலில் இறந்தவர்களுக்கான அஞ்சலிக் கூட்டத்தில் எடுத்தது. உலகம் முழுக்கப் பரவியது சே இறந்த 1967-க்குப் பிறகு. ஆகவே ‘1960 சுவரொட்டி’ என்று அந்தப் படத்தோடு ஏதாவது வந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 2: எங்கே அச்சானது?

என்னைக் கேட்டால் கியூபாத் தாளில் மிக முக்கியமான வரி, ஓரத்தில் கண்ணுக்கே தெரியாமல் இருக்கும் அச்சகத்தின் பெயர்தான். பணத்தாள்களை மட்டும் வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1896-இல் தீவு இன்னும் ஸ்பெயினிடம். சுதந்திரப் போர் நடக்கிறது. ஸ்பானிய வங்கி நோட்டு வெளியிடுகிறது. ஓரத்தில் அச்சகம்: அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி, நியூயார்க். அரசியல் மாட்ரிட்டில், பணத்தின் அச்சு நியூயார்க்கில். அடுத்த சில வருடங்களில் நடக்கப்போவது ஏற்கெனவே ஓரத்தில் எழுதியாகிவிட்டது போல இருக்கும்.

1899-இல் அமெரிக்க ராணுவ ஆட்சி. தபால்தலைக்கு என்ன செய்தார்கள்? அமெரிக்கத் தபால்தலையையே எடுத்து, மேலே கறுப்பு மையில் ‘கியூபா’ என்றும் பெசோ கணக்கில் விலையும் அடித்துவிட்டார்கள். அமெரிக்கத் தலைவர்களின் முகத்தின் மேல் கியூபாவின் பெயர். ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லை இதைவிடச் சின்ன இடத்தில் விளக்க முடியாது.

1902-இல் குடியரசு வந்தும் சொந்தப் பணம் உடனே வரவில்லை. அமெரிக்க டாலரே ஓடியது. 1915-இல் வந்த சொந்த நாணயங்களும் ஃபிலடெல்ஃபியாவில் வார்க்கப்பட்டவை. 1934-இல்தான் குடியரசின் தாள்பணம், வெள்ளிச் சான்றிதழ்கள் என்ற பெயரில் வந்தது. அதை அச்சிட்டதும் வாஷிங்டனில் டாலர் அச்சிடும் அதே அரசு அச்சகம். டாலரையும் அதையும் அருகருகே வைத்தால் ஒரே கைவேலை என்று தெரியும். கியூபா விவகாரத்தில் தலையிட அமெரிக்காவுக்கு உரிமை தந்த பிளாட் திருத்தம் ரத்தானதும் அதே 1934-இல்தான். உரிமை போனது, அச்சகம் இருந்தது.

1950 வாக்கில் தேசிய வங்கி வந்த பிறகு நோட்டுகள் நியூயார்க்கிலும் லண்டனிலும் அச்சாயின. இப்போது 1961-க்கு வாருங்கள். என் ஒரு பெசோ நோட்டு பிராகாவில், அதாவது செக்கோஸ்லோவாக்கியாவில் அச்சானது. நியூயார்க்கிலிருந்து பிராகாவுக்கு. பனிப்போரில் ஒரு நாடு எந்தப் பக்கம் போனது என்பதை ஓர் அச்சக முகவரி சொல்லிவிடுகிறது.

கையெழுத்து விவகாரமும் இங்கேதான் தெளிகிறது. புது நோட்டுகளை ரகசியமாக முன்கூட்டியே தயார் செய்தார்கள். தேசிய வங்கியில் சே இருந்த காலத்து ஏற்பாடு, ஆகவே அவர் கையெழுத்து. 1961 ஆகஸ்டில் ஒரு வார இறுதியில் திடீர் அறிவிப்பு: பழைய நோட்டுகள் செல்லாது, மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு குடும்பத்துக்குக் கையில் 200 பெசோ வரை, மீதி வங்கிக் கணக்கில், 10,000-க்கு மேல் இருந்தால் போனது போனதுதான். நாட்டை விட்டுப் போனவர்கள் பெட்டியில் கொண்டுபோன பணம் அத்தனையும் செல்லாக்காசு. சே வங்கித் தலைவராக இருந்தபோது வந்த 1960 வருட நோட்டுகளிலும் அவர் கையெழுத்து உண்டு. அவையும் பழைய நோட்டுதானே? அவையும் செத்தன. தன் கையெழுத்தையே செல்லாததாக்கிய வங்கித் தலைவர்!

இதிலிருந்து சேகரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. புரட்சிக்கு முந்தைய நோட்டுகள் இன்று எளிதாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம், கையில் வைத்திருந்தவர்களால் அவற்றைச் செலவழிக்க முடியாமல் போனதுதான். ஒரு தாள் நிறைய மிஞ்சியிருந்தால், ஏன் மிஞ்சியது என்று கேளுங்கள்.

1961 வரிசையின் மற்ற நோட்டுகளையும் பாருங்கள். 20 பெசோவில் கமிலோ சியென்ஃபுவேகோஸ். 1959 அக்டோபரில் விமானத்தோடு காணாமல் போனவர், இரண்டே வருடத்தில் நோட்டில் ஏறிவிட்டார். அவர் பக்கத்தில் மசேயோ, கோமெஸ், செஸ்பெதெஸ் என்று 19-ஆம் நூற்றாண்டுப் போராளிகள். நோட்டின் பின்பக்கங்களில் மோன்காதா ராணுவ முகாம் மீது ஃபிடல் குழு நடத்திய தாக்குதல், கடற்கரையில் இறங்கிய படை, வெளிநாட்டுக் கம்பெனிகளை நாட்டுடைமை ஆக்கியது. பழைய சுதந்திரப் போரின் தொடர்ச்சிதான் நாங்கள் என்ற வாதத்தைச் சந்தையில் கைமாறும் தாளில் ஒட்டிவிட்டார்கள். முன்பக்கம் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டு, பின்பக்கம் புரட்சி. நோட்டைத் திருப்புவதே ஒரு பாடம்.

படி 3: அச்சடித்த வரி, கையால் நிரப்பிய வரி

படிவம் கிடைத்தால் இரண்டு வண்ணப் பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள் (நகலில்தான், மூலத்தில் இல்லை). அச்சில் இருப்பதற்கு ஒரு நிறம், கையால் எழுதியதற்கு இன்னொன்று. அச்சடித்தது அதிகாரம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது. கையால் நிரப்பியது அந்த மனிதன்.

இதற்குச் சரியான உதாரணம் சீன ஒப்பந்தத் தொழிலாளர்களின் படிவம். 1847 முதல் 1874 வரை சுமார் 1,25,000 சீனர்கள் கியூபாவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ‘கூலி’ என்ற சொல்லுக்கும் நம் கூலிக்கும் உறவு இருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் ஸ்பானியப் படிவத்தில் நாசூக்காக ‘ஆசியக் குடியேறி’ என்றுதான் இருக்கும். படிவத்தில் ஸ்பானிய வாசகமும் சீன வாசகமும் உண்டு. எட்டு வருடம், மாதம் 4 பெசோ, வருடத்துக்கு இரண்டு உடை, ஒரு போர்வை. இதெல்லாம் அச்சில். பெயர், வயது, ஊர் மட்டும் கையால். பலருக்கு அங்கேயே ஹோசே, அந்தோனியோ என்று புதுப்பெயரும் விழும்.

அந்த அச்சில் ஒரு வாசகம் இருக்கிறது. கியூபாவில் சுதந்திரத் தொழிலாளிகளும் அடிமைகளும் இதைவிட மிக அதிகமாகச் சம்பாதிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும், என் எசமானர் தரும் மற்ற வசதிகள் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும் என்று நினைத்துச் சம்மதிக்கிறேன். இதுதான் அதன் சாரம். கொஞ்சம் நின்று படியுங்கள். கூலிக்கு விடப்பட்ட அடிமையின் கணக்கைவிடக் குறைந்த சம்பளம் என்று முதலாளியின் தாளே சொல்கிறது! பின்னால் வழக்கு வரும் என்று பயந்துதான் அதைப் படிவத்தில் ஏற்றியிருக்கிறார்கள். குற்றம் செய்பவன் தன் பாதுகாப்புக்காக எழுதிவைத்த வரியே அவனுக்கு எதிரான சாட்சி.

1874-இல் சீன அரசு ஒரு விசாரணைக் குழுவை அனுப்பியது. 1,176 பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள், பலர் சேர்ந்து மனுவும் கொடுத்தார்கள். படிவத்தில் பெயர் மட்டுமாக இருந்தவர்கள் அங்கே பேசுகிறார்கள்: எப்படிக் கடத்தினார்கள், எட்டு வருடம் முடிந்தும் விடவில்லை என்பதை. ஒப்பந்தத்தையும் வாக்குமூலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

தேவாலய ஞானஸ்நானப் பதிவேடும் இப்படித்தான். வெள்ளையருக்கு ஒரு புத்தகம், கறுப்பருக்கும் கலப்பினத்தாருக்கும் வேறு புத்தகம். உள்ளே போவதற்கு முன்பே அட்டை பிரித்துவிடுகிறது. அடிமையின் பெயருக்குப் பக்கத்தில் லுக்குமி, கொங்கோ, கராபலி என்று ஆப்பிரிக்க ‘இனம்’ இருக்கும், உடையவரின் பெயர் இருக்கும். குடும்பப் பெயர் வால்தேஸ் என்று கண்டால் கவனியுங்கள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்காக ஹவானாவில் விடுதி தொடங்கிய ஆயர் ஹெரோனிமோ வால்தேஸின் பெயர் அங்கே வளர்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் வைக்கப்பட்டது. 1844-இல் சதி வழக்கில் சுட்டுக்கொல்லப்பட்ட கவிஞர் பிளாசிதோவும் ஒரு வால்தேஸ்தான்.

பழைய செய்தித்தாள் கிடைத்தால் தலைப்புச் செய்தியை விட்டுவிட்டு விற்பனை விளம்பரங்களுக்குப் போங்கள். அடிமைப் பெண் விற்பனைக்கு, நல்ல சமையல், தாய்ப்பால் நிறைய உண்டு என்று, குதிரைவண்டி விளம்பரத்துக்கு அடுத்த வரியில் இருக்கும். தாய்ப்பால் இருக்கிறது என்றால் ஒரு குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தை எங்கே என்பதை விளம்பரம் சொல்லாது.

படி 4: படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது?

1860-களின் சிகரெட் உறைகளுக்கு ‘மார்க்கியா’ என்று பெயர். உள்ளங்கை அளவுத் தாளில் வண்ண லித்தோகிராஃப், அதாவது கல்லச்சுப் படம். ஒரு பக்கம் கம்பெனிச் சின்னம், சுற்றிலும் பூவேலைக் கரை, நடுவில் ஒரு காட்சி, அடியில் நக்கலாக ஒரு வரி. வரிசை வரிசையாக வந்ததால் ஜனங்கள் சேர்த்தார்கள், அதற்காகவே வாங்கினார்கள். லூயிஸ் சுசினி குடும்பத்தின் ‘லா ஒன்ராதேஸ்’ இதில் பெரிய பெயர். அந்தப் பெயருக்கு நேர்மை என்று பொருள்.

கலப்பினப் பெண்ணின் வாழ்வும் சாவும் என்று ஒரு வரிசை பிரபலம். வெள்ளைக்காரக் கனவானின் ஆசைநாயகி, ஆட்டம் பாட்டம், பிறகு நோய், ஆஸ்பத்திரி, மரணம். வாங்கியவன் சிரித்துக்கொண்டே பற்ற வைத்திருப்பான். இந்தப் படங்களை ‘அந்தக் காலத்துக் கறுப்பர் வாழ்க்கை’ என்று அருங்காட்சியக அட்டைகளில் போடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இவை கறுப்பரின் வாழ்க்கையைக் காட்டுவதில்லை. அவர்கள் முன்னேறிவிடுவார்களோ என்ற வெள்ளையரின் பயத்தைக் காட்டுகின்றன. நல்ல உடை போட்ட கறுப்பர்தான் இதில் அதிகமாகக் கேலி செய்யப்படுகிறார் என்பதைக் கவனித்தால் விஷயம் புரியும்.

இன்னொன்று, லா ஒன்ராதேஸ் ஆலையிலேயே சீன ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலை பார்த்தார்கள். மூன்றாம் படியின் படிவத்தையும் நான்காம் படியின் உறையையும் இணைக்கும் கை அவர்களுடையது. உறையில் அவர்கள் இல்லை.

படி 5: பேனாக் கிறுக்கல் – ரேஷன் புத்தகம்

இதற்கு நமக்கு விளக்கமே தேவையில்லை. பழைய ரேஷன் கார்டில் கடைக்காரர் போட்ட டிக் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். கியூபாவில் அதற்கு ‘லிப்ரேத்தா’ என்று பெயர். 1962 மார்ச் 12-ஆம் தேதிச் சட்டத்தால் வந்தது. நெருக்கடி அதற்கு முன்பே வந்துவிட்டது: அதற்கு முந்தைய மாதம், பிப்ரவரியில்தான் அமெரிக்க வணிகத் தடை முழுமையானது. கூடவே புரட்சிக்குப் பிறகு ஏழைகள் கையில் காசு புரண்டது, வாங்குபவர்கள் கூடினார்கள், சரக்கு அதே அளவு. தொடக்கத்தில் ஒருவருக்கு மாதம் 6 பவுண்டு அரிசி.

சின்னப் புத்தகம். ஒவ்வொரு வருடமும் புதிது. தாளைத் தொட்டுப் பாருங்கள், கியூபாவில் கரும்புச் சக்கையிலிருந்தும் காகிதம் செய்தார்கள், சீக்கிரம் பழுத்துவிடும் தாள். முதல் பக்கத்தில் குடும்பத்தலைவர், முகவரி, ‘போதேகா’ என்ற ரேஷன் கடையின் எண், வயதுவாரியாக எத்தனை பேர். இந்தப் பக்கத்தில்தான் நான் அதிக நேரம் செலவிடுவேன். ஒரு பெயர் அடிக்கப்பட்டிருந்தால் மூன்று சாத்தியம்: இறந்திருக்கலாம், கல்யாணமாகி வேறு வீட்டுக்குப் போயிருக்கலாம், நாட்டை விட்டே போயிருக்கலாம். 1980-ஆம் வருடப் புத்தகத்தில் இரண்டு மூன்று பெயர் ஒன்றாக அடிபட்டிருந்தால், அந்த வருடம் மரியேல் துறைமுகம் வழியாக சுமார் 1,25,000 பேர் போனது நினைவுக்கு வர வேண்டும். நிரூபணம் இல்லை, தொடங்க ஒரு நூல்முனை.

அப்புறம் மாதப் பக்கங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், வெள்ளைச் சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை, காப்பி, உப்பு என்று கட்டங்கள். பொருள் வந்தால் கடைக்காரர் அளவை எழுதுவார். 1990-களின் ‘சிறப்புக் காலம்’ என்ற பஞ்ச வருடங்களில் நாட்டின் உற்பத்தி மூன்றில் ஒரு பங்கு சரிந்தது. அந்தக் கால லிப்ரேத்தாவில் அச்சடித்த பெயர் இருக்கும், கட்டம் காலியாக இருக்கும். அரசு அந்தப் பொருளை ரத்து செய்யவில்லை, கொடுக்கவும் இல்லை. பிற்பாடு பெயர்களும் குறைந்தன: 2009-இல் உருளைக்கிழங்கு, 2010-இல் சிகரெட், 2011 தொடக்கத்தில் சோப்பும் பற்பசையும். ஏழு வயது வரைதான் குழந்தைக்குப் பால் என்பதால், ஒரு குழந்தையின் ஏழாம் பிறந்தநாளைக்கூட இந்தக் கட்டங்களில் கண்டுபிடித்துவிடலாம்.

துணிமணி, பாத்திரங்களுக்கு வேறு ஒரு புத்தகம் இருந்தது. அதில் பொம்மையும் உண்டு. ஒரு குழந்தைக்கு வருடம் மூன்று பொம்மை: ஒன்று நல்லது, ஒன்று சுமார், ஒன்று பேருக்கு. கடைக்கு யார் முதலில் போவது என்பதற்குக் குலுக்கல். கடைசி நாள் சீட்டு விழுந்தால் சைக்கிள் போயிருக்கும், மிச்சம் இருப்பதுதான். அந்தத் தலைமுறை கியூபர்கள் ஹவானாவில் இருந்தாலும் மயாமியில் இருந்தாலும், அரசியலில் எதிரெதிர் துருவமாக இருந்தாலும், பொம்மைக் குலுக்கல் பற்றி ஒரே குரலில் பேசுவார்கள்.

ஓர் எச்சரிக்கை. லிப்ரேத்தா கடையில் கிடைத்ததைச் சொல்லும், தட்டில் விழுந்ததைச் சொல்லாது. பண்டமாற்று, கறுப்புச் சந்தை எதற்கும் கட்டம் கிடையாது. கறுப்புச் சந்தையில் வாங்குவதை அவர்கள் ‘இடதுபக்கமாக’ வாங்குவது என்பார்கள்.

படி 6: ஒரே மாதிரிக் கடிதங்களும் மடிப்பும்

1961 கல்வி ஆண்டு. சுமார் 1,00,000 இளம் மாணவர்கள் கிராமங்களுக்குப் போய் எழுத்தறிவித்தார்கள். பகலில் வயல்வேலை, இரவில் சீனாவில் செய்த லாந்தர் வெளிச்சத்தில் பாடம். டிசம்பர் 22-இல் எழுத்தறிவின்மை ஒழிந்தது என்று அறிவித்தார்கள். அரசுக் கணக்குப்படி 23.6 சதவீதத்திலிருந்து 3.9 சதவீதத்துக்கு. இறுதித் தேர்வின் ஒரு பகுதி, ஃபிடலுக்குத் தன் கையால் கடிதம் எழுதுவது. 7,00,000-க்கும் மேற்பட்ட அந்தக் கடிதங்கள் ஹவானாவில் எழுத்தறிவு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அது இருக்கும் இடம் பாத்திஸ்தாவின் பழைய ராணுவ முகாம்.

நாலைந்து கடிதங்கள் படித்தால் சலிப்பு வரும். நன்றி, புரட்சி வாழ்க, இப்போது எனக்கு எழுதத் தெரியும், அவ்வளவுதான். இது பிரச்சாரம் என்று மூடி வைத்துவிடாதீர்கள். வாசகம் பொது, எழுத்து தனி. பென்சில் தாளைக் குத்திக் கிழித்த இடம், கோட்டை விட்டு மேலே ஏறிய வரி, காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துப்பிழை, நாலைந்து முறை அழித்து எழுதிய சொந்தப் பெயர். வாசகத்தை ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருக்கலாம், அந்தக் கையை யாரும் சொல்லிக் கொடுக்க முடியாது. இரண்டும் ஒரே தாளில் உண்மை.

சுவரொட்டிக்கு வேறு சோதனை: மடிப்பு. 1966-இல் தொடங்கிய ஓஸ்பால் என்ற மூன்று கண்டத் தோழமை அமைப்பு, தன் இதழுக்குள் சுவரொட்டியை மடித்து வைத்து உலகம் முழுக்க அனுப்பியது. ஸ்பானியம், ஆங்கிலம், ஃபிரெஞ்சு, அரபு என்று நான்கு மொழிகளில் வாசகம். பழைய ஓஸ்பால் சுவரொட்டியில் மடிப்புக் கோடு இருந்தால் குறை என்று நினைக்காதீர்கள், அது பயணச்சீட்டு. ஹெலேனா செர்ரானோவின் 1968 சுவரொட்டியில் சேவின் முகம் தென் அமெரிக்க வரைபடமாக விரியும். அதில் தேதி அக்டோபர் 8 என்று இருக்கும். சே கொல்லப்பட்டது 9-ஆம் தேதி. அச்சுப்பிழை இல்லை. அவர் போரிட்டுப் பிடிபட்ட நாள் 8. நினைவு கொண்டாடப் போரிட்ட நாளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

படி 7: என்ன இல்லை, அது எங்கே போனது?

கியூபாவின் காகிதங்கள் மூன்று திசையில் சிதறிக் கிடக்கின்றன. ஹவானாவில் 1840-இல் தொடங்கிய தேசிய ஆவணக் காப்பகம், 1901-இன் தேசிய நூலகம். காலனி ஆவணங்களில் பெரும் பகுதி ஸ்பெயினில், செவில்லிலும் மாட்ரிட்டிலும். 1959-க்குப் பிறகு வெளியேறியவர்களின் தாள்கள் மயாமிப் பல்கலைக்கழகத்தின் கியூபா மரபுத் தொகுப்பில். ஒரே வருடத்தைப் பற்றி ஹவானாவிலும் மயாமியிலும் தேடினால் இரண்டு நாடுகளைப் படிப்பது போல இருக்கும். 1961 என்றால் ஹவானாவில் எழுத்தறிவுக் கடிதம். மயாமியில் அதே வருடம் பெற்றோர் இல்லாமல் விமானமேறிய குழந்தையின் விசா விலக்குத் தாள். பீட்டர் பான் நடவடிக்கை என்ற பெயரில் 1960 டிசம்பர் முதல் 1962 அக்டோபர் வரை 14,048 குழந்தைகள் அப்படிப் போனார்கள். ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுதுபவர்களை நான் நம்புவதில்லை.

தோட்ட முதலாளிகள் கூலிக்குப் பதில் கொடுத்த பித்தளை வில்லைகள் தாளைவிட நன்றாகப் பிழைத்திருக்கின்றன. முதலாளியின் கடையில் மட்டும் செல்லும் வில்லை. 1909-இல் சட்டம் அதைத் தடை செய்தது. அதற்கு முந்தைய தொழிலாளியின் கையெழுத்தில் ஒரு வரிகூடக் கிடைப்பது அபூர்வம், வில்லையோ கைநிறையக் கிடைக்கும். எழுதத் தெரியாதவர்களின் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான், அடுத்தவர் வார்த்த உலோகத்தில்.

படி 8: கையாளுதல், தேடுதல்

ஹவானாவுக்குப் போக வேண்டிய அவசியமில்லை. ஸ்பானியக் காப்பகங்களின் ‘பாரெஸ்’ தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தின் அடிமைச் சமூகங்கள் பற்றிய தொகுப்பில் கியூபாவின் தேவாலயப் பதிவேடுகள் உண்டு. கரீபிய மின்னூலகத்தில் பழைய இதழ்கள். ஸ்பானியம் தெரியாவிட்டாலும் படிவங்களுக்கு நூறு சொல் தெரிந்தால் போதும், ஏனென்றால் படிவம் திரும்பத் திரும்ப அதையேதான் சொல்லும்.

வாங்குவதாக இருந்தால் பின்பக்கப் படம் கேளுங்கள். தர மறுத்தால் விட்டுவிடுங்கள். கியூபாவுக்கே போய் வாங்கினால், பழைய நூல்களையும் கலைப்பொருள்களையும் வெளியே கொண்டுவர அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது நினைவிருக்கட்டும்.

லேமினேட் செய்யாதீர்கள், செல்லோ டேப் ஒட்டாதீர்கள், பேனாவால் எழுதாதீர்கள். புத்தகத்துக்குள் வேப்பிலை வைக்கும் நம் பழக்கம் நல்ல எண்ணம்தான், ஆனால் சக்கைத் தாளில் இலைக்கறை ஏறிவிடும். தாள் உறை, காற்றாட ஒரு அலமாரி, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் போதும். மடிப்பை இஸ்திரி போட்டு எடுக்கும் ஆர்வம் வந்தால் அன்று வேறு வேலை பாருங்கள்.

எந்தத் தாளானாலும் எங்கே, எப்போது, யாரிடமிருந்து, என்ன சொல்லி விற்றார்கள் என்பதைத் தனித் துண்டில் பென்சிலால் எழுதி வையுங்கள். என் ஒரு பெசோ நோட்டு வந்த பிளாஸ்டிக் உறையில் அந்த வியாபாரி ‘சே, அசல் கையெழுத்து’ என்று எழுதி ஒட்டிய சீட்டு இருக்கிறது. பக்கத்தில் நான் கொடுத்த விலை. அந்தச் சீட்டையும் நோட்டோடேயே வைத்திருக்கிறேன்.